வாசல் கதவும் நெருப்பும்: எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

கேள்வி. 11 ஜனவரி 2024, காலை

புது வீட்டுக்கு முன்வாசல், பின்வாசல் இரண்டுக்கும் கதவு பார்த்துக்கொண்டிருக்கிறேன். தீத்தடுப்புக் கதவுதான் போடுவது என்று முடிவு செய்துவிட்டோம். கடையில் இரும்புக் கதவைத் தட்டிக் காட்டி, "இரும்பு எரியாது சார், இதுக்கு மேல என்ன வேணும்" என்கிறார்கள். வீட்டில் மரம்தான் வேண்டும் என்கிறார்கள். மரம் எரியுமே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில். 11 ஜனவரி 2024, இரவு

இரும்பு எரியாது, உண்மைதான். ஆனால் தான் எரியாமல் இருப்பது வேறு, நெருப்பை மறுபக்கம் விடாமல் இருப்பது வேறு. உள்ளே எதுவும் அடைக்காத வெறும் தகட்டுக் கதவில் ஒரு பக்கம் தீப்பட்டால், சில நிமிடங்களில் மறுபக்கம் கை வைக்க முடியாது. பக்கத்தில் திரைச்சீலை தொங்கினால் அந்தச் சூட்டிலேயே அது பற்றலாம். இன்னொன்று, தீப்பட்ட பக்கத்துத் தகடு மட்டும் விரிவதால் கதவு நெருப்பை நோக்கிப் புடைக்கும். புடைத்தால் மூலையில் நிலைக்கும் கதவுக்கும் நடுவே சந்து விழும். தீ உள்ளே வர அந்தச் சந்து போதும்.

மரம் எரியும், அதுவும் உண்மை. ஆனால் கெட்டியான மரம் மெதுவாக, கணக்குப் போடக்கூடிய வேகத்தில் எரியும். மேலே படியும் கரியே உள்ளிருக்கும் மரத்துக்குப் போர்வையாகிவிடுகிறது. மென்மரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 0.65 மி.மீ., அடர்ந்த கடினமரத்தில் சுமார் 0.5 மி.மீ. என்று கரி உள்ளே இறங்கும். அரை மணி நேரத்துக்கு 20 மி.மீ. என்று வைத்துக்கொண்டாலும் 44 மி.மீ. கதவில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும். அரை மணித் தீத்தடுப்பு மரக்கதவுகள் பெரும்பாலும் 44 மி.மீ. பருமனிலும், ஒரு மணிக்கானவை 54 மி.மீ. பருமனிலும் வருகின்றன.

எனவே இரும்பா மரமா என்பதை அப்புறம் பார்க்கலாம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டில் அந்தக் கதவுக்கு நெருப்பு எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

12 ஜனவரி 2024

ஏன் அப்படிக் கேட்டேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பின்வாசலுக்கு எதிரே, வேலிக்கு அந்தப்புறம், விறகும் பழைய மரச்சாமான்களும் போட்டு வைத்திருந்த ஒரு கொட்டகை இரவில் பற்றிக்கொண்டது. எங்கள் சுவருக்கும் அதற்கும் நான்கு மீட்டர் இருக்கும். பின்வாசலில் யுபிவிசி என்ற பிளாஸ்டிக் கதவு, மேல்பாதி கண்ணாடி. தீயின் நாக்கு கடைசிவரை எங்கள் கதவைத் தொடவில்லை. தொடாமலே எல்லாம் நடந்தது. முதலில் கண்ணாடி "டப்" என்று வெடித்தது. அடுத்து கதவின் சட்டம் மெழுகு மாதிரி தொய்ந்தது. யுபிவிசி 80 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே இளகத் தொடங்கிவிடும் என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். கண்ணாடி போன ஓட்டை வழியாகப் பொறி உள்ளே விழுந்து, கதவை ஒட்டித் தொங்கிய துணி பற்றியது. தீயணைப்பு வண்டி வந்து சேரும்போது எங்கள் சமையலறையில் பாதி போயிருந்தது.

நானும் அம்மாவும் முன்வாசல் வழியாக வெளியே வந்தோம். வந்த விதத்தைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

12 ஜனவரி 2024, சற்று நேரம் கழித்து

ஒரே வீட்டில் புறக்கதவுகளுக்கு மூன்று விதமான வேலை வரலாம். எங்களுக்கு நடந்தது வெளியிலிருந்து வரும் நெருப்பு: பக்கத்துக் கட்டடம், காட்டுத்தீ, புல்வெளித்தீ. இதில் கதவு அனல் கதிரையும் காற்றில் பறந்து வரும் பொறியையும் தாங்க வேண்டும். இரண்டாவது, வீட்டோடு ஒட்டிய வண்டிக் கொட்டகைக்கோ அடுக்குமாடியின் பொது நடைவழிக்கோ திறக்கும் கதவு. அங்கே முழு அறைத்தீயும் புகையும் கதவை முட்டும். மூன்றாவது, நெருப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே. அப்போது கதவின் வேலை தடுப்பது இல்லை, உங்களை வெளியே விடுவது.

கடையில் "ஃபயர் டோர்" என்று விற்பது பெரும்பாலும் இரண்டாவது வேலைக்குச் செய்தது. உங்கள் பின்வாசல் தோட்டத்துக்குத் திறக்கிறது என்றால் உங்களுக்கு வேண்டியது முதல் வகை. இதைச் சொல்லாமல் கதவு கேட்டால் கையில் இருப்பதைத்தான் விற்பார்கள்.

14 ஜனவரி 2024

20 நிமிடம், 30 நிமிடம், 60 நிமிடம் என்று ஒட்டியிருக்கும் எண்ணுக்கு என்ன பொருள் என்று கேட்டிருந்தீர்கள்.

கதவை அதன் நிலை, கீல், பூட்டு எல்லாவற்றோடும் ஒரு சுவரில் பொருத்தி, அந்தச் சுவரை ஓர் உலையின் வாயாக வைத்து எரிப்பார்கள். உலையின் வெப்பம் இஷ்டத்துக்கு ஏறாது, விதித்த கோட்டில் ஏறும். ஐஎஸ்ஓ 834 என்ற சர்வதேச விதியின் கோட்டின்படி 5 நிமிடத்தில் 576 டிகிரி செல்சியஸ், 30 நிமிடத்தில் 842, 60 நிமிடத்தில் 945. அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் வரை மறுபக்கம் தீ எட்டிப் பார்க்கவில்லையோ, பெரிய சந்து விழவில்லையோ, அதுதான் எண். ஐரோப்பாவில் இஎன் 1634-1, பிரிட்டனில் பழைய பிஎஸ் 476, அமெரிக்காவில் என்எஃப்பிஏ 252, யுஎல் 10சி என்று தனித்தனி விதிகள் உண்டு. அடிப்படை ஒன்றுதான்.

ஐரோப்பிய முறையில் எண்ணுக்கு முன்னால் நிற்கும் எழுத்தையும் பாருங்கள். இ30 என்றால் அரை மணி தீ தாண்டவில்லை, அவ்வளவுதான். மறுபக்கம் எவ்வளவு கொதித்தது என்று அது சொல்லாது. இஐ30 என்றால் மறுபக்கத்துச் சூடும் கட்டுக்குள் இருந்தது என்று பொருள்: சராசரியாக 140 டிகிரிக்கு மேலும், கதவின் எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரிக்கு மேலும் ஏறியிருக்கக் கூடாது. முதல் நாள் நான் சொன்ன வெறும் தகட்டுக் கதவு இ வாங்கலாம், ஐ வாங்காது. உள்ளே பாறைக் கம்பளியோ (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு, ராக்வூல்) கனிமப் பலகையோ அடைத்த இரும்புக் கதவு இரண்டையும் வாங்கும். அதனால் இரும்பு என்றால் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று கேளுங்கள். தேன்கூடு மாதிரி காகிதம் வைத்ததும் உண்டு, நுரை அடைத்ததும் உண்டு. தட்டிப் பார்த்தால் எல்லாம் கெட்டியாகத்தான் கேட்கும்.

எஸ் என்ற எழுத்து இருந்தால் புகைத்தடுப்பும் சோதித்தது என்று பொருள். வீட்டுத்தீயில் பெரும்பாலானவர்களைக் கொல்வது தீ இல்லை, புகை. நடைவழிக்குத் திறக்கும் கதவு என்றால் எஸ் இல்லாமல் வாங்க வேண்டாம்.

15 ஜனவரி 2024

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 30 என்று போட்டிருந்தால் உங்கள் வீட்டில் 30 நிமிடம் நிற்கும் என்ற தொனி வந்துவிட்டது. அப்படி இல்லை. உலையில் ஒரு மாதிரிக் கதவு 30 நிமிடம் நின்றது. உங்கள் வீட்டுக் கதவு அந்த மாதிரியைப் போலவே செய்யப்பட்டு, அதைப் போலவே பொருத்தப்பட்டிருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று 72 பேரைப் பலிகொண்ட தீயை எல்லோரும் கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகளுக்காக நினைவு வைத்திருக்கிறோம். விசாரணையில் அந்தக் கட்டடத்தின் குடியிருப்புக் கதவு ஒன்றை எடுத்துச் சோதித்தார்கள். 30 நிமிடம் தாங்க வேண்டிய கதவு 15 நிமிடம் போலத்தான் தாங்கியது. 2018 மார்ச்சில் அரசே அதை அறிவித்தது. பல வீடுகளில் கதவைத் தானாகச் சாத்தும் குளோசர் வேலை செய்யவில்லை, சிலவற்றில் கழற்றியே வைத்திருந்தார்கள். திறந்து கிடந்த கதவு எத்தனை நிமிடக் கதவாக இருந்து என்ன?

15 ஜனவரி 2024

இன்னொன்று விட்டுப்போனது. சோதனையில் எந்தப் பக்கம் நெருப்பு வைத்தார்கள் என்று கேளுங்கள். சில கதவுகளை ஒரு பக்கம் மட்டும் எரித்துப் பார்த்திருப்பார்கள். வெளிப்பக்கத் தீக்குப் பயந்து வாங்கும் கதவு, உட்பக்கத் தீக்கு மட்டும் சோதித்ததாக இருந்தால் உங்கள் பயத்துக்கு அது பதில் இல்லை.

20 ஜனவரி 2024

என் முதல் கதவின் கதை. நீளமாகப் போகும், ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

கொட்டகைத் தீக்குப் பிறகு அரை மணிக் கதவு ஒன்று வாங்கினேன். சான்றிதழ் சரி, சோதனையில் தேறியது என்று கீல் பக்கத்து ஓரத்தில் ஒட்டியிருக்கும் முத்திரைச் சீட்டும் சரி. பொருத்த வந்தவர் அனுபவம் உள்ள தச்சர். ஆனால் அவருக்கு இது இன்னொரு கதவு, அவ்வளவுதான். பழைய நிலையில் உட்காரவில்லை என்று அடியில் 12 மி.மீ., பக்கவாட்டில் 8 மி.மீ. இழைத்துவிட்டார். இந்தக் கதவுகளின் ஓரத்தில் சுற்றிலும் ஒரு கடினமரச் சட்டம் ஓடும். தயாரிப்பாளர் அனுமதித்தது பக்கத்துக்கு 3 மி.மீ. மட்டும். அதற்கு மேல் இழைத்தால் உள்ளிருக்கும் பலகைக்கும் நெருப்புக்கும் நடுவே எதுவும் மிஞ்சாது. இழைத்த சீவலோடு முத்திரைச் சீட்டும் போனது.

நிலைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அதை மஞ்சள் பியூ (பாலியூரித்தேன்) நுரையால் நிரப்பினார். பார்க்க அழகாக அடைபட்டது. அந்த நுரை எரியும் பொருள். கதவு அரை மணி நின்றாலும், நுரை சில நிமிடத்தில் எரிந்து நிலையைச் சுற்றி நெருப்புக்கு வழி விட்டிருக்கும். அங்கே பாறைக் கம்பளியை இறுக்கித் திணித்து, மேலே தீத்தடுப்புப் பசை பூச வேண்டும். பாறைக் கம்பளி 1000 டிகிரிக்கு மேலும் உருகாது.

பழைய கதவிலிருந்து கழற்றிய அலுமினியக் கீல்களையே மாட்டினார். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே பலம் இழந்துவிடும். உலையில் 10 நிமிடத்திலேயே 678 டிகிரி வந்துவிடுகிறது. கீல் உருகிய பின் கதவு எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இரும்புக் கீல், குறைந்தது மூன்று, சோதனையில் இருந்த அதே வகை.

கடைசியாக, நான் செய்த தப்பு. பார்வைத் துளை வேண்டும் என்று நானே கேட்டு துளைக்கச் சொன்னேன். சாதாரணப் பிளாஸ்டிக் வில்லை போட்ட துளை, கதவின் நடுவே, கண் உயரத்தில். தீத்தடுப்புக் கதவுக்கென்று தனியாக வில்லை விற்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வருடம் கழித்து இதைப் பார்த்த ஒரு தீயணைப்புக்காரர் சொன்னதை மறக்கவே முடியாது: "நல்ல கெட்டிக் கதவு. தீத்தடுப்புக் கதவு இல்லை." நிலையோடு கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தேன். இரண்டாவது தடவை கதவையும் நிலையையும் ஒரே தொகுப்பாக, தொழிற்சாலையிலேயே கீலும் பூட்டும் பொருத்தி வாங்கினேன். உங்களுக்கும் அதையே சொல்வேன். கதவைத் தனியாக வாங்காதீர்கள், வாசலையே வாங்குங்கள்.

20 ஜனவரி 2024

கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு என்று உடனே கேள்வி வந்திருக்கிறது. மேலேயும் பக்கங்களிலும் சுமார் 3 மி.மீ. 2-க்குக் கீழே போனால் மழைக்காலத்தில் கதவு பிடிக்கும். 4-க்கு மேலே போனால் இடைவெளியை அடைக்கும் பட்டை தோற்றுவிடும்.

அந்தப் பட்டையைப் பற்றி: நிலையிலோ கதவின் ஓரத்திலோ மெல்லிய கோடு மாதிரி பதித்திருக்கும். சுமார் 200 டிகிரியில் பல மடங்கு உப்பி இடைவெளியை அடைத்துவிடும். ஆனால் 200 டிகிரி வரும்வரை அது சும்மாதான் இருக்கும். தீ தூரத்தில் இருக்கும்போது வருவது ஆறிய புகை. அதற்கு அந்தப் பட்டை வழிவிட்டுவிடும். அதனால்தான் பட்டையோடு சேர்த்து ஒரு தூரிகையோ ரப்பர் இதழோ வேண்டும். நான் சொன்ன எஸ் என்ற எழுத்து அதற்குத்தான். தூரிகை மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள், விறைத்துப்போகும்.

27 ஜனவரி 2024

உங்கள் பின்வாசல் காய்ந்த புல்லும் மரங்களும் உள்ள இடத்தைப் பார்த்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வாசற்படியைப் பற்றிப் பேச வேண்டும்.

காட்டுத்தீயில் வீடுகள் எரிவது பெரும்பாலும் தீச்சுவர் வந்து மோதுவதால் இல்லை. தீ வருவதற்கு வெகு முன்பும், போன பின்பும், காற்று பொறிகளைக் கொண்டுவந்து கொட்டுகிறது. பொறி சுவரில் பட்டு உருண்டு விழுந்து, காற்று ஒதுக்கும் மூலையில் சேரும். கதவுக்கு அடியில், படியில், மிதியடி மேல். கதவின் நடுப்பலகை எவ்வளவு பருமன் என்பதைவிட அடியில் அரை அங்குலச் சந்து இருக்கிறதா என்பதுதான் அங்கே கணக்கு.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று வந்த காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அங்கே வந்த, காட்டுத்தீப் பகுதிக் கட்டடங்களுக்கான ஏஎஸ் 3959 விதியின் புதிய பதிப்பு, வீட்டு மனைகளைத் தாக்கக்கூடிய அனலை 12.5, 19, 29, 40 என்று படிகளாகப் பிரித்தது, கடைசியாக நேரடித் தீச்சுவர். அந்த எண்கள் ஒரு சதுர மீட்டரில் விழும் கிலோவாட். உச்சி வெயில் சுமார் 1 கிலோவாட். 29 என்றால் 29 சூரியன் ஒன்றாகக் காய்வது போல. அந்த விதியில் அனல் குறைந்த படிகளில் மரக்கதவு போட்டால் வாசற்படியிலிருந்து முதல் 400 மி.மீ. உயரத்துக்காவது 35 மி.மீ. கெட்டி மரம் வேண்டும் என்று இருக்கிறது. ஏன் அடிப்பகுதி மட்டும்? பொறி சேர்வது அங்கேதான்.

கலிஃபோர்னியாவின் கட்டட விதியில் 2008 முதல் காட்டுத்தீப் பகுதிகளுக்கு இருந்த 7ஏ அத்தியாயத்தில், கெட்டி மரப் புறக்கதவின் சட்டங்களுக்கு 35 மி.மீ. பருமன். அல்லது எரியாத வெளிப்பரப்பு. அல்லது 20 நிமிடச் சோதனை. அமெரிக்காவின் முன்மாதிரி வீட்டுக் கட்டட விதியில் வீட்டோடு ஒட்டிய வண்டிக் கொட்டகைக் கதவுக்கும் அதே 35 மி.மீ., அல்லது அதே 20 நிமிடம். இரண்டு கண்டங்களில் ஒரே பருமன். கடைக்குப் போகும்போது ஓர் அளவுகோல் கொண்டு போங்கள், அதற்குக் கீழே இருந்தால் திரும்பி வந்துவிடலாம்.

அடியில் உள்ள இடைவெளியை மூட, கதவு சாத்தும்போது தானாக இறங்கும் அடிப்பட்டை போடுங்கள். வெளியே கம்பிவலைக் கதவு உண்டென்றால் உலோக வலை, கண் 2 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நைலான் வலை பொறி பட்டதும் ஓட்டையாகிவிடும். மிதியடியைத் தீ எச்சரிக்கை உள்ள நாட்களில் உள்ளே எடுத்துவிடுங்கள். நார் மிதியடி, பக்கத்தில் செருப்பு அலமாரி, அதன் மேல் காய்ந்த பூச்சட்டி என்று படியை அடுக்கி வைத்துவிட்டு 60 நிமிடக் கதவு போட்டு என்ன செய்ய?

28 ஜனவரி 2024

கண்ணாடி. எங்கள் வீட்டில் முதலில் போனது அதுதான் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

சாதாரணக் கண்ணாடி நெருப்புப் பட்டு உருகி உடைவதில்லை. நடுப்பகுதி அனலில் சூடேறி விரியும், சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் குளிர்ந்தே இருக்கும். அந்த வித்தியாசத்தில் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். முறுக்கேற்றிய கண்ணாடி, அதாவது டெம்பர்டு, இதைப் பல மடங்கு தாங்கும். வெளியிலிருந்து வரும் அனலுக்கு அது நல்ல தேர்வு. ஆனால் அறைத்தீ நேரடியாகத் தாக்கும் இடத்தில் அதுவும் போய்விடும், போனால் முழுசாக உதிரும். அங்கே பீங்கான் கண்ணாடியோ, அடுக்குகளுக்கு நடுவே சூட்டில் உப்பும் பசை வைத்த கண்ணாடியோ வேண்டும்.

முடிந்தால் பின்கதவில் கண்ணாடியே வேண்டாம். நான் வைக்கவில்லை. சமையலறை இருட்டாகத்தான் இருக்கிறது, பகலிலும் விளக்குப் போடுகிறோம்.

3 பிப்ரவரி 2024

புதுக் கதவு வந்து ஒரு வாரத்தில் அம்மா பின்பக்கம் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால் "இன்னிக்கு வேண்டாம்" என்பார். பத்து நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அவரால் கதவைத் தள்ள முடியவில்லை. 44 மி.மீ. கெட்டிக் கதவு நாற்பது ஐம்பது கிலோ வரும். அதோடு குளோசரின் விசை. அப்போது அவருக்கு 74 வயது, தோள்பட்டை வலி வேறு.

குளோசரில் விசையைக் குறைக்கத் திருகு இருக்கிறது. சாத்தும் வேகத்துக்கு ஒன்று, கடைசியில் பூட்டுநாக்கு விழும் அழுத்தத்துக்கு ஒன்று. நாக்கு முழுசாக விழுகிற அளவுக்கு வைத்துக்கொண்டு மீதியைக் குறைத்தோம். நாக்கு விழாத கதவு வெறுமே சாத்தி நிற்கும், தீயின் அழுத்தம் மேல்பாதியைத் தள்ளித் திறந்துவிடும். கைப்பிடியை உருண்டையிலிருந்து நெம்பு வடிவத்துக்கு மாற்றினோம், முழங்கையாலும் அழுத்தலாம். இப்போது போகிறார், வருகிறார்.

கதவு வாங்கும் முன் வீட்டிலேயே பலம் குறைந்தவரைக் கடைக்குக் கூட்டிப் போய்த் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை இருந்தால் குழந்தையை.

10 பிப்ரவரி 2024

முன்வாசல் கதையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். எழுதிவிடுகிறேன்.

அன்றிரவு முன்கதவில் இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு. திருடனுக்குப் பயந்து நானே போட்டது. சாவி எப்போதும் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். அன்று தொங்கவில்லை. மாலையில் வெளியே போய் வந்தபோது சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், சட்டை படுக்கையறையில். விளக்கு அணைந்துவிட்டது. பின்னாலிருந்து புகை கூரையை ஒட்டி வந்து, மெல்ல மெல்ல முகத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவைக் கதவோரம் தரையில் உட்கார வைத்துவிட்டு நான் திரும்பிப் போய்ச் சாவி தேடினேன். எத்தனை நிமிடம் என்று தெரியாது. அம்மா என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் பின்கதவுக்கு எத்தனை நிமிடம், என்ன மரம், என்ன பட்டை என்று அலைந்தேனே தவிர, அந்தப் பூட்டை மாற்றவில்லை. அதே பூட்டு, அதே ஆணி. ஒரு நாள் அம்மாதான் கேட்டார்: "அந்தச் சாவி இப்ப எங்க இருக்கு?" எனக்கு வாய் அடைத்துவிட்டது. அன்றைக்கே மாற்றினேன்.

உள்ளிருந்து சாவி இல்லாமல், இருட்டில், ஒரே அசைவில் திறக்க வேண்டும். இதில் தேறாத கதவை எத்தனை மணிக் கதவாக இருந்தாலும் வாங்காதீர்கள். இந்த இழையில் நான் எழுதியதில் இதுதான் முதலில் இருந்திருக்க வேண்டும்.

11 பிப்ரவரி 2024

"அப்போ திருடன்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, நானும் அதற்காகத்தானே அந்தப் பூட்டைப் போட்டேன். உள்பக்கம் விரலால் திருப்பும் குமிழ், வெளியே சாவி என்று பூட்டு இருக்கிறது. கதவில் கண்ணாடி இருந்தால் அதை உடைத்துக் கைவிட்டுக் குமிழைத் திருப்புவான் என்பது உண்மை. கண்ணாடி வைக்காதீர்கள், அல்லது குமிழ் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அல்லது உடைந்தாலும் உதிராத அடுக்குக் கண்ணாடி போடுங்கள். இதற்கெல்லாம் வழி இருக்கிறது. புகையில் சாவி தேடுவதற்கு வழி இல்லை.

மின்பூட்டு வைப்பவர்கள் மின்கலம் தீர்ந்த நிலையில், மின்சாரம் இல்லாமல், உள்ளிருந்து கைப்பிடியை அழுத்தினால் திறக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். வெளியே இரண்டாவதாக இரும்புக் கம்பிக் கதவும் தொங்குபூட்டும் போட்டிருந்தால், இதே பேச்சு அதற்கும்.

18 பிப்ரவரி 2024

கதவை விட்டுக் கொஞ்சம் விலகி ஒரு விஷயம். மின்சார ஸ்கூட்டரை எங்கே நிறுத்தி மின்னேற்றம் செய்கிறீர்கள்? நிறையப் பேர் வாசல் கதவுக்கு உள்ளே, நடைவழியில் நிறுத்துகிறார்கள், இரவில். லித்தியம் அயனி மின்கலம் கெட்டால் நிமிடக் கணக்கில் இல்லை, நொடிக் கணக்கில் பீறிட்டு எரியும். அது எரியும் இடம் நீங்கள் தப்பிக்க வேண்டிய ஒரே வழி. கதவு வெளியிலிருந்து வரும் நெருப்பைத் தடுக்கிறது என்று நிம்மதியாக இருக்கிறோம், நெருப்பைக் கதவுக்கு உள்ளே நாமே நிறுத்தி வைத்திருக்கிறோம்.

2 மார்ச் 2024

நீங்கள் எடுத்த முடிவு சரி என்றே படுகிறது. பின்வாசலுக்குப் பாறைக் கம்பளி அடைத்த இரும்புக் கதவு, கண்ணாடி இல்லாமல். முன்வாசலுக்கு 44 மி.மீ. மரம், உள்பக்கம் குமிழ். கடையும் வீடும் இரண்டுமே பாதி சரி என்று ஆகிவிட்டது.

மரக்கதவுக்கு ஒன்று மட்டும்: தீத்தடுப்பு மரக்கதவுகளில் பல உள்வாசலுக்குச் செய்தவை. மழையும் வெயிலும் படும் வாசலுக்கு என்று எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். ஈரம் இறங்கினால் பலகை உப்பும், இடைவெளி மாறும், பூட்டு பிடிக்கும். ஆறு பக்கமும், அதாவது மேல் ஓரம் கீழ் ஓரம் உட்பட, பூச்சு அடிக்க வேண்டும். அடி ஓரத்தை யாரும் அடிப்பதில்லை, தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது.

பெயின்டர் வருவதற்கு முன் முத்திரைச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டின் மேல் பூசிவிடாமல் காகிதம் ஒட்டுங்கள்.

2 மார்ச் 2024

பொருத்தும் நாளில் கூடவே நில்லுங்கள். நிலையைச் சுற்றி அடைப்பதை மூடுபலகை அடிப்பதற்கு முன் பாருங்கள். அடித்த பின் உள்ளே நுரையா கம்பளியா என்று யாராலும் சொல்ல முடியாது.

19 ஆகஸ்ட் 2024

சில மாதம் கழித்து முன்கதவு கடைசி ஒரு விரல் சாத்த மறுக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இழைக்கச் சொல்லித் தச்சரைக் கூப்பிடாதீர்கள். முதலில் கீல் திருகுகளை இறுக்குங்கள். கனத்தில் கதவு தொங்கியிருக்கும், மேல் மூலை உரசும். அது இல்லையென்றால் குளோசரின் கடைசித் திருகைக் கால் சுற்றுத் திருப்புங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் அடி ஓரத்தில் பூச்சு அடித்தார்களா என்று ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள்.

நான் மாதம் ஒரு தரம் இரண்டு கதவையும் பாதி திறந்து கையை விட்டுவிடுவேன். நாக்கு "டக்" என்று விழ வேண்டும். போன மாதம் பின்கதவு விழவில்லை. அம்மா சமையலறையிலிருந்தே சொன்னார், "சத்தம் வரலையே."

20 ஆகஸ்ட் 2024

கீல் திருகுதான் என்று பதில் வந்திருக்கிறது. நல்லது.